தழும்பில்லாத வாசக்டமி: செய்துகொண்டு ஐந்து மாதம் ஆகிறது

எங்கள் இரண்டு பிள்ளைகளுமே சிசேரியன். இனி மனைவி வயிற்றில் இன்னொரு தடவை கத்தி படவே கூடாது, விந்தணு வரும் குழாயை வெட்டி அடைக்கும் வாசக்டமியை, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனை, நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த கிளினிக் என்று எழுதப்போவதில்லை, பாராட்டோடு ஒரு பெரிய குறையும் இருக்கிறது.

முதலில் பாராட்டு. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். "பின்னால் வேண்டுமென்றால் வெட்டிய குழாயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்தானே டாக்டர்?" என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துக் குழாய் படம் வரைந்தார். விந்துக்குழாயின் தடிமனே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், உள்ளே இருக்கும் துவாரம் அதில் பத்தில் ஒரு பங்கு, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே தலைமுடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனையையும் தைக்க வேண்டும், பல மணி நேர வேலை. அதோடு வருஷக் கணக்கும் இருக்கிறது. 1991இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், வாசக்டமி செய்து 3 வருஷத்துக்குள் சேர்த்துக்கொண்டவர்களில் 76 சதவீதம் பேரின் மனைவிமார் கருத்தரித்திருக்கிறார்கள், 15 வருஷம் ஆகிவிட்டவர்களில் 30 சதவீதம்தான். "சேர்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் இதைச் செய்துகொள்ளாதீர்கள், மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் வீட்டுக்குப் போய் யோசியுங்கள்" என்றார். எனக்கு இந்த ஒரு பேச்சுக்காகவே அவர் மேல் மரியாதை.

ஆபரேஷன் இருபது நிமிஷம். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்றது, அப்புறம் கூர்முனை இடுக்கியால் தோலில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகவே இரண்டு பக்கக் குழாயையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வெட்டிச் சுட்டு அடைத்தார். தையலே கிடையாது. குழாயை இழுக்கும்போது அடிவயிறு வரை ஏதோ பிடித்து இழுப்பது போல இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் ஐஸ், ஒரு வாரம் இறுக்கமான ஜட்டி, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சின்னவளைத் தூக்கிவிட்டேன், சாயந்திரம் வரை கடுத்தது, அதனால் கனம் தூக்காதீர்கள் என்று சொன்னால் நிஜமாகவே தூக்காதீர்கள். ஆண்மை போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு: ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, இந்தக் குழாயில் இல்லை. எனக்கு எதுவும் குறையவில்லை.

இப்போது குறை. குழாயை வெட்டிய அன்றே கருத்தடை ஆகிவிடாது, வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதமாவது ஆகும், விந்துப் பரிசோதனையில் இல்லை என்று வரும்வரை ஆணுறை கட்டாயம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரே வரியாகப் போட்டிருந்தார்கள். போன் செய்து ஞாபகப்படுத்த ஒருவரும் இல்லை. நாங்களாகத் தேதி குறித்துவைத்துப் பன்னிரண்டாம் வாரம் கொடுத்த பரிசோதனையில் இன்னும் விந்தணு இருந்தது! பதினாறாம் வாரம்தான் இல்லை என்று வந்தது. எத்தனை பேர் இந்த டெஸ்டுக்குப் போகாமலே ஆணுறையை நிறுத்தியிருப்பார்களோ, நினைத்தாலே பதறுகிறது.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து, கிளினிக்குக்கு மூன்று. நீங்கள் எங்கே செய்துகொண்டாலும் தேதி வாங்கும்போதே கேளுங்கள்: டெஸ்டுக்கு நீங்கள் கூப்பிடுவீர்களா, நாங்களே வர வேண்டுமா?