மன்னார் மாவட்டச் சிலாவத்துறையில் ஒரு முத்துக்கார வீடு, இரண்டு இரவு

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கு, காலைச் சாப்பாட்டோடு, ஓரிரவு 14,500 ரூபா. கிளிநொச்சியில் வெளிக்கிட்டு வவுனியா, முருங்கன் என்று சுற்றிப் போய் இறங்கியதும் "இந்தக் காசுக்கு இது தேவையா?" என்று மனிசி கேட்டார். விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் ஒரு பிளேன்டியோடு சரிந்த பிறகு அந்தக் கதையே இல்லை.

முத்துச் சலாபம், அதாவது கடலில் முத்துக் குளிப்பு, நடந்த காலத்து வியாபாரி ஒருவரின் வீடாம். சண்டைக் காலத்தில் கூரை போய், சுவருக்குள் ஆல் வேர்விட்டுக் கிடந்ததைத் திருத்தி ஆறு அறை விடுதியாக்கியிருக்கிறார்கள். திருத்திய விதம்தான் எனக்குப் பிடித்தது. எங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் என்றால் சீமெந்தைப் பூசி, மாபிள் பதித்து, மஞ்சள் பெயின்ற் அடித்தால் வேலை முடிந்தது. இங்கே சுண்ணாம்புச் சாந்தையே திரும்பப் பூசியிருக்கிறார்கள். கடற்கரைச் சுவர் உப்பையும் ஈரத்தையும் குடிக்கும், சுண்ணாம்பென்றால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், சீமெந்து அதை உள்ளே அடைத்துவைத்துக் கல்லையே உதிரப்பண்ணும். ஏசி இல்லை, ஆனால் மத்தியான வெயிலிலும் அறைக்குள் வேர்க்கவில்லை.

இந்த மூளை குளியலறைப் பக்கம் போகவில்லை. பைப்பில் வருவது சவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது. பவுசரில் வந்த நல்ல தண்ணீர் என்று ஒரு வாளி தந்தார்கள், அதில் தலை மட்டும் அலசலாம். நுளம்பு வலையில் ஓட்டை வேறு.

சாப்பாடு? சமையல்கார நானாவை நம்புங்கள். நண்டுக் கறியும் முருங்கையிலைச் சொதியும் வைத்தார், நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். டோஸ்ற் மட்டும் கேட்காதீர்கள், கருகித்தான் வரும்.

கூடத்துச் சுவரில் பெரிய பலகை ஒன்று. பிரித்தானிய ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான அரிப்பில் கட்டிய டொரிக் மாளிகை, கண்டியில் ஏறக்குறைய 20 வருடம் அடைபட்டிருந்து 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ், எல்லாம் இருக்கிறது. கடலுக்குள் இறங்கியவனைப் பற்றி ஒரு வரி இல்லை! நானாவின் வாப்பாவின் வாப்பா முத்துக் குளித்தவர். 1990இல் மற்ற வடக்கு முஸ்லிம்களோடு புத்தளத்துக்கு விரட்டப்பட்டு, சண்டை முடிந்து திரும்பி வந்த குடும்பம், கதையை மட்டும் விடாமல் கொண்டுவந்திருக்கிறது. கல்லில் கால் வைத்து இறங்குவது, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் கரையில் கடல்கட்டி என்ற மந்திரக்காரர் இருப்பது, எடுத்த சிப்பியில் மூன்றிலொன்று குளித்தவனுக்கும் மிச்சம் அரசுக்கும் போவது, பிறகு சிப்பியை அழுகவிட்டு முத்துத் தேடும்போது கரை முழுக்க நாறுவது என்று இரவு பத்து மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1905இல் அள்ளிய அள்ளைப் பார்த்து அடுத்த வருடமே லண்டன் கம்பனி ஒன்று சிப்பி விளையும் கடலடிப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்ததையும், சிப்பி இல்லாமல் போய் 1912இல் அது இழுத்து மூடியதையும் நானாவுக்கு நான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பலகையைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். "வெள்ளைக்காரர் வந்தால் இதைத்தான் கேட்பினம் தம்பி" என்றார். சரி, அவருடைய வியாபாரம். ஆனால் நானாவுக்குப் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் கொடுத்து விறாந்தையில் இருத்தினால் அந்தப் பலகையே தேவைப்படாது.

டொரிக்கைப் பார்க்க ஓட்டோவில் போய்வரலாம், அல்லிராணி கோட்டை என்று கேட்டால்தான் ஊரில் தெரியும். கடல் அரித்து அரித்து இப்போது சில சுவர்த் துண்டுகள்தான் மிச்சம், மேலே ஏறவேண்டாம்.

சோளகம் வீசும் மாதங்களில் விறாந்தையில் இருக்க முடியாதாம், மண் பறக்கும். மாசி, பங்குனியில் போங்கள், சலாபம் வைத்ததும் கடல் அடங்கிய அந்த நாட்களில்தான். மேற்குப் பக்க அறையைக் கேட்டு எடுங்கள், குளிக்கிற தண்ணீருக்கு ஒரு கானும் கொண்டுபோங்கள்.