அடாப்டர் கடையில் பழைய லென்ஸைத் திறக்க விடாதீர்கள்

பழைய மேனுவல் லென்ஸ்களை வேறு நிறுவனத்தின் கேமராவில் பொருத்திப் படமெடுக்க விரும்பும் சென்னை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் விற்கும் கடையிலேயே லென்ஸைத் திறந்து 'செட்டிங்' செய்து தருவதாகச் சொன்னால், எந்தக் காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கடையில் எனக்கு விற்கப்பட்டது தடிமன் தவறிய அடாப்டர். அந்தக் குறையை மறைப்பதற்காக, எந்தக் குறையும் இல்லாத லென்ஸைப் பிரித்துக் கெடுத்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

லென்ஸ், என் தாய்மாமா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் எக்ஸ்-700 பிலிம் கேமராவோடு வாங்கி வந்த மினோல்டா எம்டி 50 மி.மீ. எஃப்/1.4. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அவர் வைத்துக் காப்பாற்றியதால், நம் ஊர் ஈரக்காற்றில் பழைய லென்ஸ்களுக்கு எளிதில் வந்துவிடும் பூஞ்சை இதில் ஓர் இழைகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, ஃபோகஸ் வளையம் ஒரே சீராகச் சுழன்றது. என்னிடம் இருப்பது சோனி ஏ7 II. மினோல்டா லென்ஸின் மவுன்டிலிருந்து (லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வளையம்) பிலிம் வரையுள்ள தூரம் 43.5 மி.மீ.; சோனியில் மவுன்டிலிருந்து சென்சார் வரை 18 மி.மீ. இடைப்பட்ட 25.5 மி.மீ. இடத்தைச் சரியாக நிரப்பும் ஓர் உலோகக் குழாய்தான் இங்கே அடாப்டர். அதில் கண்ணாடியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. ஆகவே அதன் தரம் என்பது அந்த 25.5 மி.மீ. அளவும், இரு பக்க மவுன்ட்களின் இறுக்கமும்தான்.

அடாப்டருக்கு 3,500 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். கடையில் பொருத்தியபோது ஷட்டர் விழவில்லை. உடனே கடைக்காரர், "சார், கேமராவுக்கு இந்த லென்ஸ் தெரியாது, புரோகிராம் பண்ணணும், 500 ரூபா ஆகும்" என்று கேமராவை உள்ளே எடுத்துச் சென்று, சில நிமிடங்களில் வேலை செய்யும் நிலையில் கொண்டுவந்தார். இதில் புரோகிராம் என்று எதுவுமே கிடையாது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் ஒரு தேர்வு சோனியின் மெனுவிலேயே இருக்கிறது. மின் இணைப்பில்லாத லென்ஸைக் கேமரா 'லென்ஸ் இல்லை' என்றே கருதுவதால், அதை ஒருமுறை இயக்கிவிட்டால் போதும். கேமராவின் உள்ளிருக்கும் அதிர்வுத் தடுப்பு சரியாக வேலை செய்ய 50 மி.மீ. என்ற அளவை மெனுவில் நாமே பதிய வேண்டும். அதை அவர்கள் செய்யவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஆதம்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பரங்கிமலை நன்றாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறி வரை, அதாவது மிகத் தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டிய இடம் வரை திருப்பி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மலை கலங்கலாகவே இருந்தது. அதே நிலையில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் இருந்த வரிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. லென்ஸ் சென்சாரிலிருந்து தேவைக்கு மேல் தள்ளி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. வெர்னியர் காலிப்பரால் அடாப்டரின் இரு அமர்வுப் பரப்புகளுக்கும் இடையே சுற்றிலும் பல இடங்களில் அளந்தேன், 25.9 மி.மீ. வந்தது. 0.4 மி.மீ. தானே என்று தோன்றலாம். 50 மி.மீ. லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்றால், அது தெளிவாகக் காட்டக்கூடிய மிகத் தொலைவான பொருள் ஏறத்தாழ 6 மீட்டரில் நின்றுவிடும், 28 மி.மீ. லென்ஸாக இருந்தால் 2 மீட்டரோடு சரி. குவியத் தூரத்தின் (லென்ஸின் 50, 28 என்ற மி.மீ. அளவு) வர்க்கத்தை அதிகப்படியான தடிமனால் வகுத்தால் இந்தக் கணக்கு யாருக்கும் வரும். இதனாலேயே பல தயாரிப்பாளர்கள் அடாப்டரை ஒரு மயிரிழை மெலிதாகவே செய்கிறார்கள். அப்படி இருந்தால் தூரக் குறிகள் சற்றுப் பிசகுமே தவிர, தொலைவுக் காட்சி கைவிட்டுப் போகாது.

அடாப்டரை மாற்றித் தரும்படி கேட்கத்தான் கடைக்குத் திரும்பப் போனேன். அவர்கள் காலிப்பர் அளவைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அடாப்டர்ல ஒண்ணும் கிடையாது சார், லென்ஸ்தான் பழசு, உள்ள செட்டிங் தள்ளியிருக்கு. எங்க மெக்கானிக் அட்ஜஸ்ட் பண்ணிடுவாரு, 1,800 குடுங்க. சரியாகலைன்னா அடாப்டரையே திருப்பி எடுத்துக்கறேன்" என்று அடித்துச் சொன்னார்கள். லென்ஸைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்க்கும்படி நான் கூறியதற்குத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள்.

லென்ஸ் திரும்பி வந்தபோது முடிவிலி கிடைத்தது, உண்மைதான். ஆனால் எப்படிக் கிடைத்தது? ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் திருகுமரை பல தொடக்கங்களைக் கொண்டது; கழற்றும்போது எந்த இடத்தில் பிரிந்ததென்று அடையாளமிட்டு, அதே இடத்தில்தான் மீண்டும் நுழைக்க வேண்டும். இவர்கள் அதைப் பிரித்து வேறொரு தொடக்கத்தில் பூட்டி, லென்ஸ் வழக்கத்தைவிட உள்ளே போகும்படி செய்துவிட்டார்கள். அதனால் தூரக் குறிகள் எல்லாம் பொய்யாயின. முன்பு நெருங்கி எடுக்க முடிந்த தூரத்தில் இப்போது எடுக்க முடியவில்லை. எக்ஸ்-700 உடலில் மாட்டினால் முடிவிலிக் குறிக்கு வெகு முன்பே முடிவிலி வந்து தாண்டிவிடுகிறது.

இதைவிட மனத்தை வருத்தியது மவுன்டின் திருகாணிகள். ஜப்பானிய கேமராக்களின் கூட்டல் வடிவத் திருகாணிகளுக்கு ஜப்பானியத் தர அளவிலான திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அந்தப் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் நழுவும். நான் பெற்ற லென்ஸில் இரண்டு திருகாணிகளின் தலை மழுங்கி, பிசிறு மேலே எழும்பி, பக்கத்து உலோகத்தில் வளைந்த கீறல் ஓடியிருந்தது. மரையில் தடவியிருந்த கிரீஸும் இந்த வேலைக்கு உரியதல்ல. கத்திரி வெயில் வந்ததும் அது பிரிந்து எண்ணெயாகக் கசிந்து, உள்ளே வரும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர் தகடுகளில் வானவில் நிறத்தில் படர்ந்தது. அடாப்டரில் தகடுகள் எப்போதும் நாம் வைத்த அளவிலேயே நிற்பதால் அங்கே இதன் விளைவு உடனே தெரியாது. பிலிம் கேமராவிலோ ஷட்டர் விழும் அந்தக் கணத்தில் தகடுகள் சட்டென மூட வேண்டும். எண்ணெய் ஒட்டினால் தாமதமாகி, அளவுக்கு மீறி ஒளி விழுந்துவிடும்.

அடாப்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, திறந்த சரக்கை வாங்க மாட்டோம் என்றார்கள். கையில் கொடுத்திருந்ததோ ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தராமல் விற்பதையும், பில்லில் கெடு ஏதும் சொல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்த பிறகு அடாப்டரின் விலை மட்டும் திரும்பி வந்தது. லென்ஸுக்கு நேர்ந்த கேட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே லென்ஸை மாட்டி, வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் இருக்கும் ஒரு விளம்பரப் பலகையின் எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களிடம் 28 மி.மீ. போன்ற வைட் லென்ஸ் இருந்தால் அதையே கொண்டு செல்லுங்கள், பிழை அதில்தான் முதலில் அகப்படும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸே அடாப்டருக்குள் அசைகிறதா, அபர்ச்சர் வளையத்துக்கு ஏற்பத் தகடுகள் மூடித் திறக்கின்றனவா என்றும் கவனியுங்கள். இன்னும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவர்களிடம் 'எல்லா லென்ஸும் எல்லா பாடிக்கும் போடலாம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். நிக்கான் எஃப் மவுன்டின் தூரமே 46.5 மி.மீ., அதாவது மினோல்டாவின் 43.5 மி.மீ.ஐவிட அதிகம் என்பதால் மினோல்டா லென்ஸுக்கு அங்கே இடமே இல்லை. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டரைத்தான் விற்பார்கள், முழு அபர்ச்சரில் அது படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும்.

தெரிந்த ஒரு பழைய கேமரா மெக்கானிக் திருகுமரையைச் சரியான தொடக்கத்தில் பூட்டி, தகடுகளைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். மழுங்கிய திருகாணிகளுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. பழுதான மினோல்டா எம்டி லென்ஸ் ஏதேனும் உதிரிக்காக வைத்திருப்பவர்கள், அதன் மவுன்ட் திருகாணிகளை விற்க விரும்பினால் தெரிவிக்கவும்.