சென்னையிலிருந்து தங்கவயல்: ஒரே நாளில் போய்வரலாமா?

காலையில் சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறி, கோலார் தங்கவயலைப் பார்த்துவிட்டு, மாலை பிருந்தாவனிலேயே திரும்பிவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். முடியும், ஆனால் இடிக்கும். இறங்க வேண்டிய பங்காருப்பேட்டை சுமார் 290 கி.மீ.; சேரும்போது நண்பகல். திரும்பும் வண்டி 4 மணிவாக்கில். பஸ் நேரம் போக, கையில் நிற்பது இரண்டரை மணி நேரம்தான்.

பங்காருப்பேட்டையில், தங்கவயல் வழியாகப் போகும் மாரிக்குப்பம் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1894இல் போட்ட அந்த 16 கி.மீ. கிளைப் பாதை பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுவது. பகலில் தங்கவயலின் கடைத்தெருப் பகுதியான ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் பஸ்ஸே மேல். அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். கன்னடம் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் அது.

சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடியதும் பம்பு நின்றது, தண்ணீர் ஏறிவிட்டது. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆழம் 3 கி.மீ.க்கும் மேல். அங்கே 2.3 கி.மீ. ஆழத்தில் வைத்த கருவியில்தான் 1965இல் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள் பதிவானது. இன்று கண்ணில் படுவது வேலிக்கு அப்பால் நிற்கும் இரும்புக் கோபுரமும், கூண்டை இறக்கிய கம்பிவடம் ஓடிய உச்சிச் சக்கரமும். சாலையிலிருந்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது சயனைடு மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய சக்கை அது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லுக்கு 47 கிராம் வரை தேறிய தங்கம், கடைசியில் 3 கிராமுக்கும் கீழே போனது. அந்த 3 கிராம் போக மிச்ச டன் முழுவதும் மேட்டுக்குத்தானே போகும்? மழை அறுத்த ஓடைகள் மேட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்குகின்றன. ஓரம் பொலபொலவென்று சரியும்; ஏறாதீர்கள். காற்று அடித்தால் சிலிக்கா தூசு பறக்கும், முகக்கவசம் அவசியம்.

1873இல் லவெல் என்ற முன்னாள் பட்டாளத்துக்காரர் உரிமம் கேட்டபோது, தங்கம் தேறாது, வேண்டுமானால் நிலக்கரி தேடிக்கொள் என்றார்களாம் மைசூர் அதிகாரிகள். அவர் விடவில்லை. பிறகு 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளிவந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவி நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது. இந்தக் கதையைச் சொல்ல ஊருக்குள் ஒரு பலகையாவது வைத்திருக்கலாம். போகுமுன் படித்துவிட்டுப் போவதே வழி.

ஒரே நாள் பயணம் என்றால் என் மதிப்பெண் 5க்கு இரண்டரை. முதல் நாள் பிற்பகல் லால்பாக் எக்ஸ்பிரஸில் போய் ராபர்ட்சன்பேட்டையில் தங்கி, காலை வெயில் ஏறுமுன் மேடுகளையும் தொழிலாளர் லயன் வீடுகளையும் பார்த்துவிட்டு மாலை பிருந்தாவனைப் பிடித்தால் 4 கொடுக்கலாம். முன்பதிவில் பங்காருப்பேட்டை நிலையக் குறியீடு BWT; பவ்ரிங்பேட்டை என்ற பழைய பெயர் அதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.