கில்டில் சேர்த்து 8,750 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்

ஆன்லைன் விளையாட்டில் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் குழுதான் கில்டு. நல்ல கில்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொறுமையாக எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. 8,750 ரூபாய் திரும்பி வராது என்று நேற்று இரவுதான் உறுதியாகத் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் வேண்டாம். தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசிவரை நிற்கிற அணி ஜெயிக்கும் மொபைல் விளையாட்டு. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது எங்கள் பழைய கிளான் சிதறிவிட்டது. அப்புறம் இங்கே வந்தேன். இங்கே கிளானுக்குப் பெயர் கில்டு. கில்டு இல்லாமல் ரேண்டமாக ஆடினால் யாரோடு கோத்துவிடும் என்று சொல்ல முடியாது. மைக்கை ஆன் செய்து "இடது பக்க வீட்டுல ஆள் இருக்கு" என்று சொன்னால் போதும், பெண் குரல் என்றதும் ஆரம்பித்துவிடுவார்கள். நம்பர் கேட்பான் ஒருவன், காது கூசப் பேசுவான் இன்னொருவன். மூன்று வருடம் மைக்கை அணைத்தே ஆடினேன். நாலு பேர் அணியில் ஒருவர் வாயே திறக்கவில்லை என்றால் அது என்ன ஆட்டம்?

நான் தேடியது ரேங்க் அல்ல, கில்டுக்குச் சேரும் குளோரி புள்ளியும் அல்ல. பயமில்லாமல் மைக் போடக்கூடிய ஒரு கில்டு, அவ்வளவுதான்.

இந்தக் கில்டில் சேர்ந்த இரண்டாவது நாள், ஒரு பையன் வழக்கம்போல ஆரம்பித்தான். லீடர் ஆட்டத்தின் நடுவிலேயே குறுக்கிட்டான். "டேய், அவங்க நமக்கு அக்கா மாதிரி. இப்பவே வெளிய போ" என்றான். என் கண்ணெதிரே 42 பேர் 41 ஆனார்கள். அப்புறம் என்னிடம், "சாரிக்கா, இனிமே யாரும் உங்கள ஒரு வார்த்த பேச மாட்டாங்க" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்காக ஒருவன் பேசியது அதுதான் முதல் முறை. நான் ஏமாந்தது அந்த ராத்திரிதான். பணம் போனது மூன்று வாரம் கழித்து.

முதலில் கில்டு ஃபண்டு என்று 750 ரூபாய். நமக்குள் மட்டும் ஆட தனி ரூம் (கஸ்டம் ரூம்) போட ரூம் கார்டு வாங்கவேண்டும் என்றான், நியாயமாகத்தான் பட்டது. அடுத்து டோர்னமென்டில் இடம் பிடிக்க ஸ்லாட், ஆளுக்கு 500. என் அணியில் இருந்த மூன்று பேரும் காலேஜ் பையன்கள், அவர்களுக்கும் சேர்த்து நானே 2,000 போட்டேன். கடைசியாக டைமண்ட், அதாவது விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் காசு. கில்டு மொத்தமாக எடுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும், இன்று ராத்திரிக்குள் போடவேண்டும் என்றான். 6,000 அனுப்பினேன். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது. அனுப்பும்போது யுபிஐயில் வேறு ஒரு பெண்மணியின் பெயர் வந்தது. கேட்டேன். "அம்மா அக்கவுண்ட்க்கா" என்றான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும்.

மேட்ச் நாளில் ரூமுக்குள் நுழைய வேண்டிய ஐடி, பாஸ்வேர்டு வரவே இல்லை. வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே வந்துவிடும். கேட்டால் சர்வர் பிரச்சினை. மறுநாள் "அட்மின்கிட்ட பேசிட்டிருக்கேன்க்கா." அதற்கு மறுநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றான். அதைக் கேட்டு நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்! மற்ற அணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு ரூமில் நால்வர் அணி 12தான் கொள்ளும். பணம் கட்டியவர்கள் 19 அணி. குரூப்பில் இதைக் கேட்டேன், ஐந்தே நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

லீடருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் கில்டு ஆபீசர் ஒருவன் தனியாக மெசேஜ் போட்டான். கேம் என்றால் இப்படித்தான், ஈவ் ஆன்லைன் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் நடக்காததா என்றான். அங்கே 2005-ல் ஒரு கூட்டம் இன்னொரு குழுவுக்குள் பல மாதம் நல்லவர்களாக நடித்து, ஒரே நாளில் கிடங்கைத் துடைத்துக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் அது விளையாட்டுக்குள் இருந்த பொருள், அந்த விளையாட்டின் விதியே அதை அனுமதிக்கிறது. இது நான் மாதம் முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுச் சம்பாதித்த 8,750 ரூபாய்.

லீடர் இன்னும் ஒரு படி மேலே போனான். "போலீசுக்குப் போனா நீங்களும்தான் மாட்டுவீங்க. பணம் கட்டி ஆடுறதே தப்பு" என்றான். இரண்டு நாள் தூக்கமில்லை. உங்களையும் யாராவது இப்படி மிரட்டினால் நம்பாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பண ஆட்டம் நடத்துபவர்களையும் அதற்கு விளம்பரம் செய்பவர்களையும் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவர்களையும்தான் தண்டிக்கிறது, ஆடுபவர்களை இல்லை.

விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அச்சடித்த பதில் வந்தது. வங்கியில், "பின் நம்பர் நீங்கதானம்மா போட்டீங்க" என்றார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணில் மட்டும்தான் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். ஆனால் நான் கூப்பிட்டது பதினோராம் நாள். உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டாம். இப்போது அந்தக் கணக்கு காலி என்று நேற்று சொல்லிவிட்டார்கள்.

இன்னும் ஒன்று, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அன்றைக்கு எனக்காக வெளியேற்றினானே ஒரு பையன், அதே ஐடி இப்போது அந்தக் கில்டில் ஆபீசர்.

டிப்ஸ் என்று நிறைய குறித்து வைத்திருந்தேன், அதை எழுத இப்போது மனசு வரவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். கில்டில் சேர யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டைமண்ட் ஏற்ற பிளேயர் ஐடி போதும், பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் அது திருட்டு. பேசுகிறவன் பெயர் ஒன்று, யுபிஐயில் வரும் பெயர் வேறு என்றால் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு என்னைப்போல நாள் கடத்தாமல் அந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள். அரசின் சைபர்கிரைம் இணையதளத்திலும் பதியலாம்.

அந்த 19 அணிகளில் இருந்த யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களும் புகார் கொடுங்கள். 500 ரூபாய்தானே என்று விடாதீர்கள். என்னிடம் எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.