எலெக்ட்ரிக் கார் பராமரிப்பு: ஐந்து வருடம் ஓடிய வண்டி காட்டுவது

இன்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. ஆகவே சர்வீஸே வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போகும். ஏசி ஃபில்டரை மாற்றி, வைப்பர் தொட்டியை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். பெட்ரோல் காரில் பாகங்கள் உழைத்துத் தேயும். இதில் சில பாகங்கள் வேலை இல்லாமலே கெட்டுப்போகும்.

முதல் உதாரணம் பிரேக். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடித்துவிடுவதால் (இதுதான் ரீஜென்), பிரேக் பேடுக்கு வேலை மிகக் குறைவு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் கார்கள் உண்டு. அதே காரில் டிஸ்கின் உட்பக்கத்தைப் பார்த்தால் துரு வரிவரியாக ஏறியிருக்கும், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கும். பின் இறுகினால் ஒரு பக்கத்துப் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், காரணமில்லாமல் குறையும். வண்டியை நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனல் அடிக்கும்.

வருடம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, பின்னை உருவி, பழைய கிரீஸை பிரேக் கிளீனரால் துடைத்து, ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும். கையில் இருக்கிறதே என்று வீல் பேரிங் கிரீஸைத் தடவக் கூடாது; அதில் ரப்பர் உப்பி, பின் முன்னைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத நேரான சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, 20க்கு இறங்கும்வரை பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கைந்து தடவை செய்தால் டிஸ்க் பளிச்சென்று ஆகிவிடும். ரீஜெனைக் குறைத்து வைத்தாலே போதாதா என்று தோன்றும். போதாது. பல மாடல்களில் பிரேக் பெடலை மிதித்தாலும் முதலில் வேலை செய்வது மோட்டார்தான்.

பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கான குறைந்தபட்ச வரம்பே 155தான். பேட்டரி முழுதாக இருக்கும்போது ரீஜென் சரியாக வேலை செய்யாது. அந்த நிலையில் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் முழுச் சூடும் இந்த ஆயில் மேல்தான் விழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். உங்கள் மேனுவலில் வேறு கெடு இருந்தால் அதன்படி.

கார் அப்படியே செத்துப்போய் நின்றால், பெரும்பாலும் காரணம் பெரிய பேட்டரி அல்ல, 12 வோல்ட் குட்டி பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை மூடச் செய்வதே இதுதான். இது இறங்கினால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தும் பயனில்லை. பெட்ரோல் காரில் செல்ஃப் இழுத்து இழுத்து முன்கூட்டியே சொல்லும். இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. மொபைல் ஆப்பை அடிக்கடி திறந்து சார்ஜ் பார்ப்பதும் இதற்குக் கேடு, ஒவ்வொரு தடவையும் கார் விழித்துக்கொள்கிறது. லெட்-ஆசிட் வகை என்றால், ராத்திரி முழுக்க நிறுத்திய பின் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்லது, 12.2க்குக் கீழே போனால் கவனம் தேவை. அப்படி இறங்கியிருந்தும், காரை ஆன் செய்ததும் 13.5க்கு மேல் ஏறினால் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் சரி, பேட்டரிதான் பழசு. நான்காவது வருடம் நெருங்கும்போது, கெடும்வரை காத்திராமல் மாற்றிவிடுவதே நல்லது. பானெட் பூட்டு மின்சாரத்தில் திறக்கும் மாடல்களில், அவசரத்துக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கும் இடம் எங்கே என்பதை இப்போதே மேனுவலில் பார்த்து வையுங்கள்.

டயரில்தான் செலவு. வண்டி கனம், இழுப்பும் அதிகம், அதனால் டயர் சீக்கிரம் கரையும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். தேய்மானத்தைப் பார்க்கும்போது உள்விளிம்பையும் குனிந்து பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரியும் அளவுக்குப் போயிருக்கலாம்; அது அலைன்மென்ட் கோளாறு. புது டயர் வாங்கும்போது, அது தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் பழைய எண்ணுக்குக் குறையக் கூடாது.

மெக்கானிக்கிடம் வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று, கூலன்ட். சில கார்களின் பேட்டரிக்கு மின்கடத்தல் குறைந்த தனி வகைதான் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் பச்சைக் கூலன்டையோ குழாய்த் தண்ணீரையோ கலந்தால் அந்தக் குணமே போய்விடும். மட்டம் இறங்கினால் நிரப்புவதோடு விடாமல், கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். இரண்டாவது, ஏசி ஆயில். எலெக்ட்ரிக் கம்ப்ரஸருக்குள் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்து நிற்கும், அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். சாதாரணக் கார்களுக்குப் போடும் பிஏஜி ஆயில், கேஸ் நிரப்பும் மெஷினின் குழாயில் மிச்சம் இருந்து உள்ளே போனாலும் இன்சுலேஷன் குறையும். கார் அதை ஹை-வோல்டேஜ் கோளாறாக எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகவே மறுக்கலாம். வெறும் கேஸ் நிரப்பப் போய் வந்த வினை!

பெரிய பேட்டரிக்குச் சொல்ல அதிகமில்லை. என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகையைத் தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், வாரக்கணக்கில் நிறுத்துவதானால் 50 பக்கம் வையுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில் சார்ஜ் மாறினாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பதால் காரின் கணக்கு தவறிப்போகும். கம்பெனி சொல்லும் இடைவெளியில் 100 வரை ஏற்ற வேண்டும், பெரும்பாலும் வாரம் ஒருமுறை.

பஞ்சர் கடையில் ஜாக் வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அடியில் தட்டையாக, வாகாகத் தெரிவது பேட்டரிப் பெட்டி. அங்கே வைத்தால் பெட்டி நசுங்கும். ஓரத்தில் குறி போட்ட நான்கு இடங்களில் மட்டும்தான் வைக்கலாம்.