ஒரு வருட லீவு: ஐரோப்பாவா, வியட்நாம் பக்கமா?

கணவனும் மனைவியும் ஒரு வருடம் வேலையை விட்டு ஊர் சுற்றக் கிளம்பினால் ஆசை முதலில் ஐரோப்பா பக்கம்தான் போகும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) எடுத்தால் பாரிஸ், ரோம், பிராக் என்று எத்தனை ஊர் மாறினாலும் எல்லாம் சேர்த்து 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங், அப்புறம் கம்பெனியின் லீவு கடிதம். ராஜினாமா செய்தவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

வியட்நாம் கதையே வேறு. ஆன்லைனில் ஈ-விசா, 25 டாலருக்கு 90 நாட்கள் வரை. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை, நடுவில் ஹூயே, டா நாங் என்று இஷ்டம்போல் இறங்கித் தங்கலாம். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஹாய் வான் மலையோரம் ரயில் ஊர்ந்து போகையில் ஜன்னலுக்குக் கீழே கடல் அடிப்பதைப் பார்ப்பதற்காகவே பகல் வண்டியில் போக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம், காய்கறி வதக்கலில்கூட மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள்.

என் ஓட்டு வியட்நாம் பக்கத்துக்கே. ஐரோப்பாவையும் விட மனமில்லை என்றால் அதை முதலில் வையுங்கள், ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும்.