ஜக்கெற் பீசீடியா விங்கா, ரெண்டையும் பாவிச்சுப் பாத்த கதை

ஒரு சீசன் முழுக்க பழைய ஜக்கெற்றோடயும் அடுத்த சீசன் பிளேற்றும் விங்குமாயும் டைவ் பண்ணிப் பாத்திட்டன், பீசீடி (டைவ் பண்ணேக்க காத்தை ஊதியும் வெளிய விட்டும் மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற சட்டை) வாங்க யோசிக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டு வாங்குங்கோ. நான் இருக்கிறது முல்லைத்தீவுப் பக்கம். டைவுக்கு நிலாவெளிக்குத்தான் போறது, அதுவும் பஸ்ஸில வவுனியா போய் அங்கயிருந்து திருகோணமலைக்கு மாறி. சிலிண்டர் அங்க வாடகைக்கு எடுக்கிறனான். பீசீடியும் எடுக்கலாம்தான், ஆனா எனக்கு வாய்க்கிறது ஒண்டில் தோளில தொங்கும் இல்லாட்டி வயித்தில பூட்டாது.

எங்கட சித்தப்பா கடலட்டை பிடிக்க இறங்கினவர். நான் இதுக்குக் காசு சேக்கிறன் எண்டதும் சிரிச்சார், "உதென்னடா தம்பி, சிலிண்டரை முதுகில கட்டினாச் சரிதானே, காத்துச்சட்டை என்னத்துக்கு?" அவர் சொல்றதிலயும் ஞாயம் இருக்கு, 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் கோயிலுக்குக் கீழ கடலுக்குள்ள இடிபாடுகளைப் பாக்கேக்க இந்த ஜக்கெற்றுகள் இல்லை, ஸ்கூபாப்ரோ கம்பனி அதைக் கொண்டுவந்தது 1971ல. ஆனா சித்தப்பா நிலத்தில முழங்கால் ஊண்டி அட்டை பொறுக்கினவர், நான் நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாமலைத் தீவில பவளப்பாறைக்கு மேல சும்மா மிதந்து பாக்கப் போறவன், எனக்குக் கால் முட்டினாலே பாறை உடையும்.

புறாமலை ஆழமில்லைத்தானே எண்டு லேசா நினைக்காதேங்கோ. 30 மீற்றரில இருந்து 20க்கு வரேக்க பீசீடிக்குள்ள இருக்கிற காத்து மூண்டில ஒரு பங்குதான் கூடும், 10 மீற்றரில இருந்து மேல வந்தா அதே காத்து ரெண்டு மடங்கு, மேல்தண்ணியிலதான் இது ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதால காத்தை எவ்வளவு கெதியா வெளிய விடலாம் எண்டு முதல்ல பாருங்கோ, பொக்கெற் எண்ணிறதெல்லாம் பிறகு.

ஜக்கெற் நான் கொழும்பில ஒருத்தரிட்டப் பாவிச்சதாத்தான் வாங்கினனான், "சேர்விஸ் பண்ணினது" எண்டு சொல்லித் தந்தார். முதல் டைவிலேயே கொஞ்சம் கொஞ்சமாக் கீழ போறன், காத்து அடிக்கிறன், திரும்பப் போறன், கடைசியாக் கூட வந்த பெடியன் என்ர வலது தோளைக் காட்டுறான், அங்க பொட்டுப் பொட்டாக் குமிழி. வீட்டை கொண்டந்து இரவு ஊதி விறாந்தையில வச்சன், விடிய அப்பளம் மாதிரிக் கிடக்கு. சவர்க்காரத் தண்ணி பூசினா காத்து விடுற வால்வைச் சுத்தி நுரை. கழட்டிப் பாத்தா ரப்பருக்குக் கீழ ரெண்டு மூண்டு மணல், வெள்ளையா உப்பு. பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால துடைச்சுப் பூட்டினன், நிண்டிட்டுது. பிறகு உள்ளுக்கும் கழுவுவம் எண்டு ஊதுற குழாயால கிணத்துத் தண்ணி விட்டுக் குலுக்கி ஊத்தி நாக்கில வச்சுப் பாத்தன், தனிக் கடல். எங்கட கிணறே உவர், அதிலயும் வித்தியாசம் தெரிஞ்சுதெண்டா பாருங்கோ. பாவிச்சது வாங்கினா காசு குடுக்க முதல் ஊதி அரை மணித்தியாலமாவது வையுங்கோ, நான் வைக்கேல்ல.

ஜக்கெற்றில நல்லதும் இருக்கு. மேல வந்து வள்ளத்துக்குக் காத்து நிக்கேக்க தொட்டிலில இருக்கிற மாதிரி நிமித்தி வச்சிருக்கும், பழகிறவைக்கு லேசு. ஆனா நல்லா ஊதினா விலாவை இறுக்கும், அதில இருக்கிற பஞ்சும் மிதக்கும், அதுக்கும் சேத்து ஈயம் கட்டவேணும். எனக்கு 6 கிலோ கட்டவேண்டி வந்தது.

விங் எண்டா முதுகில ஒரு பிளேற், அதுக்கும் சிலிண்டருக்கும் நடுவில காத்துப்பை, மிச்சம் ஒரே நீளப் பட்டி, அவ்வளவுதான். என்ர பிளேற் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், கிட்டத்தட்ட 2.5 கிலோ. அதால இடுப்பில ஈயம் 3 கிலோவாக் குறைஞ்சிட்டுது, தண்ணிக்குள்ள கால் தொங்காமல் மட்டமா நிக்கிறன். ஆனா அந்தப் பிளேற்றை வவுனியா பஸ் ஸ்ராண்டில தோளில போட்டுக்கொண்டு நிக்கேக்க ஏன் வாங்கினன் எண்டு வரும். தூரப் பயணம் கூட எண்டா அலுமினியப் பிளேற் பாருங்கோ. இன்னொரு குறை, மேல வந்து நல்லா ஊதினா முகத்தைத் தண்ணிக்குள்ள தள்ளப் பாக்கும். அளவா ஊதிப் பின்னால சாய்ஞ்சு படுக்கப் பழகவேணும், எனக்கு நாலஞ்சு டைவ் பிடிச்சுது.

பை பெரிசு வேண்டாம். 80 கனஅடி அலுமினியச் சிலிண்டர் நிரம்பி இருக்கேக்க அதுக்குள்ள இருக்கிற காத்தே இரண்டரைக் கிலோவுக்கு மேல, அந்தப் பாரத்தையும் ஆழத்தில போடுற 3 மில்லிமீற்றர் ரப்பர் சூட் நசிஞ்சு குறையிற மிதப்பையும் பீசீடி தாங்கினாச் சரி. ஒரு சிலிண்டரோட எங்கட வெதுவெதுப்பான கடலில 13 கிலோ தூக்கிற பை தாராளம். 20 கிலோ வாங்கினா காத்து மூலையில போய் நிண்டு வெளிய வராது.

நான் விங்கில நிண்டதுக்கு உண்மையான காரணம் வேற. எங்கட பக்கம் இதைத் திருத்த நான் அறிய ஒருத்தரும் இல்லை. விங்கில பை பழுதானா பையை மட்டும் மாத்தலாம், பட்டி தேஞ்சா பட்டி. இன்பிளேற்றர் (சிலிண்டரில இருந்து ஹோசால வாற காத்தைப் பைக்குள்ள விடுற பட்டன்) மட்டும் எதில எண்டாலும் கவனம், பட்டனில உப்பு ஏறி இறுகினா தானா ஊதத் தொடங்கும், அப்ப ஹோசைக் கழட்டிறதுதான் வழி. கரையில கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால கழட்டிப் பழகுங்கோ.

ஜக்கெற்றை விக்கப் போறன், ஆருக்கும் வேணுமெண்டா சொல்லுங்கோ. வால்வு ஒழுகின கதையையும் சொல்லித்தான் தருவன், வந்து ஊதி அரை மணித்தியாலம் வச்சும் பாக்கலாம்.